விவசாயப் பொறியியற் கல்வி யாருக்காக?

நாவலொன்றை மதிப்பிட முற்படும்போது, அது யாருடைய வாழ்வைச் சித்திரிக்கின்றது, யாருடைய கண்களால் உலகை நோக்குகின்றது, யாரை ஓரத்தில் ஊமையாக நிறுத்திவிடுகின்றது என்று கேட்கின்றோம். ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திடமும் இவ்வினாக்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாடத்திட்டத்திற்கும் கதாநாயகன் உண்டு. அதிலே பேசப்படாத பாத்திரங்களும் உண்டு. அதை எழுதியவர்களின் காலமும் வர்க்கமும் அதன் பக்கங்களிலே பதிந்துகிடக்கின்றன. விவசாயப் பொறியியல் என்னும் துறையை இவ்வாறு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஏட்டிலே உழவு இயந்திரத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். திருக்குறளின் உழவு அதிகாரத்தை மேடைதோறும் ஒப்புவிக்கின்றோம். சிறுகதைகளிலே கமக்காரனின் வியர்வையைப் பற்றி உருகி எழுதுகின்றோம். ஆயின் அந்த வியர்வையைக் குறைப்பதற்கென்றே ஓர் அறிவுத்துறை பல்கலைக்கழகங்களிலே நடைபெறுகின்றது; நமது பிள்ளைகள் அதனை 4 ஆண்டுகள் கற்று வெளியேறுகின்றனர். அது எதைக் கற்பிக்கின்றது, யாருக்குப் பயன்படுகின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உழவனைப் பாடுவோர் உழவுக் கருவியைப் பற்றிப் பேசாதிருப்பது அரைகுறை அக்கறையேயாகும்.

முதலில் இத்துறையின் பிறப்பை நோக்குவோம். 1862ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மொறில் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பொது நிலத்தை விற்று வரும் பணத்தைக் கொண்டு ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாயத்தையும் இயந்திரக் கலைகளையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுவது அதன் நோக்கம். 'பொது நிலம்' எனப்பட்டது அந்நாட்டின் ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதை மறந்துவிடலாகாது. இக்கல்லூரிகளில் ஒன்றான அயோவாவிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டேவிட்சன் என்பார் விவசாயப் பொறியியலைத் தனித் துறையாக வளர்த்தார். 1907இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே கூடிய சிலர் அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கத்தை அமைத்தனர்; டேவிட்சனே அதன் முதல் தலைவர். ஆசியாவில் இத்துறைக்கான பட்டப் படிப்பு 1940களின் ஆரம்பத்தில் இந்தியாவின் அலகாபாத் விவசாய நிறுவனத்திலே, மேசன் வோ என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் முயற்சியால் தொடங்கிற்று.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு முக்கியமான உண்மையை நாம் உணரவேண்டும். இத்துறை பிறந்த மண்ணிலே நிலம் மிகுதி. உழைக்கும் கைகளோ குறைவு. ஆகவே 'ஒரு மனிதன் எத்தனை ஏக்கரைப் பயிரிடலாம்?' என்பதே அதன் மூலவினாவாயிற்று. 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டு, அதிலும் 4 பரப்பையோ 6 பரப்பையோ வைத்துக்கொண்டு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யும் யாழ்ப்பாணக் கமக்காரனுடைய வினா வேறு. 'ஒரு பரப்பு எத்தனை வயிறுகளை நிரப்பும்?' என்பதே அவனுடைய வினா. விடை மட்டும் கப்பலேறி வந்தது, வினா வரவில்லை. நம்முடைய வினாவுக்கு அந்த விடையைப் பொருத்திப் பார்க்கும் முயற்சியிலேதான் இத்துறையின் இடர்கள் பல தோன்றுகின்றன.

கலிபோர்ணியாவின் தக்காளிக் கதையை நமது மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1940களிலிருந்து அம்மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலே இருவர் ஒரு முயற்சியில் ஈடுபட்டனர். ஹன்னா என்பவர் பயிர் விருத்தியாளர். லொறென்சன் என்பவர் விவசாயப் பொறியியலாளர். தக்காளியை இயந்திரத்தால் பறிக்கவேண்டும் என்பது அவர்களது இலக்கு. ஆனால் தக்காளி மென்மையான கனி. செடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்பது. எனவே இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உருவாக்கினர். தடித்த தோலும், அடிபட்டாலும் நசுங்காத சதையும், ஒரே வேளையிற் பழுக்கும் இயல்பும் அதற்குக் கொடுக்கப்பட்டன. இயந்திரம் கனிக்கு இசையவில்லை. கனி இயந்திரத்துக்கு இசைந்தது.

1964இல் மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை அழைத்துவரும் திட்டம் முடிவுற்றது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அம்மாநிலத்தின் பதனிடும் தக்காளி முழுவதையும் இயந்திரமே பறிக்கலாயிற்று. ஓர் இயந்திரத்தின் விலை 50,000 டொலருக்கும் மேல். 1960களின் ஆரம்பத்திலே ஏறத்தாழ 4,000 பேர் தக்காளி பயிரிட்டனர். 1973இல் எஞ்சியோர் ஏறத்தாழ 600 பேர். 1970களின் இறுதிக்குள் 32,000 வேலைகள் இல்லாதொழிந்தன என மதிப்பிடப்பட்டது. உற்பத்தி பெருகிற்று என்பது உண்மை. பெருகிய உற்பத்தியின் பலன் பெருநில உடைமையாளரிடமும் பதனிடும் ஆலைகளிடமும் போய்ச் சேர்ந்தது. பறித்த கைகளுக்கு எஞ்சியது வேலையின்மை.

1979இல் பண்ணைத் தொழிலாளர் சார்பில் அந்தப் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. மக்களின் வரிப்பணத்தில் நடத்தப்படும் ஆராய்ச்சி ஒரு சிலரின் இலாபத்துக்காக நடைபெறலாமா என்பதே வழக்கின் சாரம். 1987இல் கீழ்நீதிமன்றம் வழக்காளிகளின் பக்கம் நின்றது. 1989இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின் முன் வழக்கு தோற்றது. ஆயினும் அது எழுப்பிய வினா எந்த நீதிமன்றத்தாலும் தள்ளுபடி செய்யப்படத்தக்கதன்று. இயந்திரத்தை வரைந்த பொறியியலாளர் கொடியவர் அல்லர். தமது கணக்கைப் பிழையின்றிச் செய்தவர். அந்தக் கணக்கிலே தொழிலாளர் என்போர் குறைக்கப்படவேண்டிய ஒரு செலவாக மட்டுமே இடம்பெற்றனர் என்பதே பிழை.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பாஞோஸில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், அமீர் கான் என்னும் பொறியியலாளரின் தலைமையிலே 1970களில் ஒரு சூடடிக்கும் இயந்திரம் வடிவமைக்கப்பட்டது. சிறு பட்டறைகளிலே, சாதாரண இரும்புத் தகடும் ஒட்டுவேலையும் தெரிந்தவர்கள் செய்யக்கூடியதாக அது வரையப்பட்டது. வரைபடங்கள் சிறு உற்பத்தியாளருக்கு இலவசமாகவே வழங்கப்பட்டன. ஆசிய நாடுகள் பலவற்றில் ஊர்ப் பட்டறைகள் அவற்றைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிச் செய்தன. இந்த இயந்திரம் வந்த இடங்களிலும் கையாற் கதிரடித்த கூலியாட்களின் வேலை குறைந்தது; அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் இயந்திரத்தை ஆக்கும் அறிவு ஊருக்குள்ளே வந்து தங்கியது. வேலை ஒரு பக்கத்தில் குறைந்தபோது மற்றொரு பக்கத்தில் பட்டறைகளில் ஓரளவு தோன்றியது. வடிவமைப்பு மேசையிலே எடுக்கப்படும் முடிவு வயலின் உறவுகளை மாற்றவல்லது என்பதற்கு இவ்விரு கதைகளும் சான்றாகும்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். இயந்திரம் என்றதும் பழமையைப் போற்றிக் கண்ணீர் விடுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் துலாவைப் பற்றிக் கவிதை எழுதுவர். துலா மிதித்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். கிணற்றருகே ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தின்மீது முன்னும் பின்னுமாக நடக்கவேண்டும். கீழே நிற்பவன் பட்டையில் வரும் நீரை வாய்க்காலில் ஊற்றவேண்டும். விடியுமுன் தொடங்கும் வேலை. கால் தவறினால் கிணறு. பல இடங்களிலே அந்த நடையை நடந்தவர்கள் நிலமற்றவர்கள். சாதியின் பேரால் அக்கிணற்றில் தாமாக நீர் அள்ளும் உரிமையே மறுக்கப்பட்டவர்கள். பிறர் பயிருக்கு நீர் இறைத்துவிட்டுத் தம் தாகத்துக்குக் கையேந்தி நின்றவர்கள்.

பௌதிகத்தின் மொழியிற் சொன்னால், ஒரு மனிதன் நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 உவாற்று. அதாவது ஒரு பரிவலுவின் பத்திலொன்று. 2 பரிவலு கொண்ட சிறு நீர்ப்பம்பி 20 மனிதரின் வலுவைத் தருகின்றது. 1950களிலிருந்து மண்ணெண்ணெயிலும் பின்னர் மின்னிலும் இயங்கும் பம்பிகள் குடாநாட்டுத் தோட்டங்களில் பரவியபோது, முறிந்த முதுகுகள் நிமிர்ந்தன. இதனை விடுதலை என்றே கொள்ளவேண்டும். பொறியியல் மனிதனுக்குச் செய்யக்கூடிய மிக உயர்ந்த பணி இதுவே.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணக்கற் பாறையின் துளைகளிலே தங்கும் மழைநீரே அதன் உயிர். அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மீது மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. இக்கோட்பாட்டைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும்: மேலே 1 மீற்றர் தாழ்ந்தால், கீழிருந்து உவர் 40 மீற்றர் ஏறிவர இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பம்பிக்குக் களைப்பில்லை. வரையறையற்ற இறைப்பினால் கரையோரக் கிணறுகள் பல உவராயின. அளவுக்கு மீறி இட்ட உரத்தின் நைத்திரேற்றும் அதே பாறைத் துளைகள் வழியாகக் குடிநீரிற் கலந்தது.

ஒரு பம்பியின் வினைத்திறனைக் கணிப்பது பண்ணை வலு என்னும் பாடத்திலே கற்பிக்கப்படுகின்றது. நிலத்தடி நீர் நீரியல் என்னும் வேறொரு பாடமாக வருகின்றது. இரண்டிலும் உயர்ந்த புள்ளி பெறும் மாணவன், இரண்டையும் இணைத்து, 'என் ஊர்க் கிணறுகள் எல்லாவற்றிலுமிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கலாம்? அதை யார் யாருக்கு எப்படிப் பங்கிடுவது?' என்று கேட்கும்படி எந்தப் பரீட்சைத்தாளும் அவனை வற்புறுத்துவதில்லை. ஏனெனில் அந்த வினா வந்தவுடன், கிணறு யாருடையது என்னும் வினாவும் கூடவே வந்துவிடும்.

வன்னியின் நெல்வயல்களிலே இன்னொரு காட்சியைக் காணலாம். 2009இல் போர் முடிந்தபின், மீள்குடியேறிய மக்கள் வெறுங்கையுடன் வயலுக்குத் திரும்பினர். மாடுகள் இல்லை, கருவிகள் இல்லை, பல வீடுகளில் ஆண்களும் இல்லை. அந்நிலையில் இயந்திரம் வரவே வேண்டியிருந்தது. உழவு இயந்திரங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து மக்கள் 'வெட்டு மெசின்' என்று வழங்கும் பெரிய அறுவடை இயந்திரங்களும் வந்தன. அருவி வெட்டி, கட்டுக் கட்டி, சூடு வைத்து, சூடு மிதித்து, தூற்றி எடுக்கப் பல நாள்கள் பிடித்த வேலையை அவை ஒரு வயலில் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் காலபோக அறுவடையின்போது, விவசாயப் பீட மாணவர் ஒருவருடன் வன்னிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அவர் இயந்திரத்தின் வேகத்தையும் வெட்டு அகலத்தையும் அளந்து, வயல் வினைத்திறனைக் கணித்துக்கொண்டிருந்தார். வரம்பிலே வயது முதிர்ந்த பெண் ஒருவர் கையிற் கடகத்துடன் நின்றார். மாணவர் குறிப்பேட்டை மூடியபின் அப்பெண், "என்ன பிள்ளை அளக்கிறியள்?" என்று கேட்டார். மாணவர் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முந்தி அருவிவெட்டு எண்டால் எங்களுக்குக் கன நாளைக்குச் சோறு. இப்ப நாங்கள் மெசின் சிந்தினதைப் பொறுக்கிறம். அதையும் அளந்தனியளே?" என்றார்.

மாணவர் உண்மையில் அதையும் அளந்திருந்தார். குறிப்பேட்டிலே அது 'அறுவடை இழப்பு' என்னும் தலைப்பின்கீழ் இருந்தது. இழப்பைக் குறைப்பது பொறியியலாளனின் கடமை என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த இழப்பே அப்பெண்ணின் வருவாய் என்பது அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அன்று மாலை திரும்பி வரும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய கல்வி அன்றுதான் ஆரம்பமாயிற்று என எண்ணுகின்றேன்.

நிலமுடைய சிறு கமக்காரனுக்கேனும் இயந்திரம் முழு நன்மை தந்ததா? அதே ஊரில் ஒருவர், "மெசின்காரன் வாற நாள்தான் எங்கடை அறுவடை நாள்" என்றார். பிந்தினால் மழை, முந்தினால் ஈரம். எனினும் நாளைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் சொந்தக்காரர். வெட்டியவுடன் சாக்கில் விழும் நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது வழக்கம். களஞ்சியத்தில் வைப்பதற்கு 14 வீதமாக அது குறையவேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்வதும் அந்த அளவுக்கு உலர்ந்த நெல்லையே. 20 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 930 கிலோ எஞ்சும். 70 கிலோ நீர் போகவேண்டும். முன்னர் சூடு வைத்திருந்த நாள்களிலே வெயிலும் காற்றும் அந்த நீரைக் கூலியின்றி உலர்த்தின. இன்றோ களமும் இல்லை, உலர்த்தியும் இல்லை. ஆகவே கமக்காரன் தார் வீதியிலே நெல்லைப் பரப்புகின்றான். அல்லது வயலோரத்தில் லொறியுடன் காத்துநிற்கும் வியாபாரியிடம் பச்சை நெல்லாகவே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகின்றான். கடன் நெருக்குகின்றவனால் வெயிலுக்குக் காத்திருக்க முடியாது.

வைக்கோலும் வயலிற் சிதறிக் கிடந்து பெரும்பாலும் எரிக்கப்படுகின்றது. மாடு வளர்ப்போருக்கு அது கைக்கெட்டாமற் போகின்றது. சுத்தம் செய்யப்படாது வயலுக்கு வயல் செல்லும் இயந்திரம் களைநெல்லின் விதையையும் காவிச்செல்கின்றது. நனைந்த மண்ணில் அதன் பாரம் நிலத்தை இறுக்குகின்றது. இவை ஒவ்வொன்றும் விவசாயப் பொறியியலுக்கு உரிய நல்ல ஆராய்ச்சிப் பொருள்கள். உலர்த்தல் பற்றிய தத்துவத்தை மாணவர்கள் வகுப்பிலே சமன்பாடுகளுடன் கற்கின்றனர். பத்துக் கமக்காரர் கூடி வைத்துக்கொள்ளக்கூடிய, உமியை எரித்து இயங்கும் சிறு உலர்த்தி ஒன்று ஊர்தோறும் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் வியாபாரியின் பிடி எவ்வளவு தளரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இறக்குமதியாகும் இயந்திரத்துக்கு முகவர் உண்டு, விளம்பரம் உண்டு, தவணைக் கடன் உண்டு. ஊர் உலர்த்திக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

யார் இத்துறையைக் கற்க வருகின்றனர் என்பதையும் நோக்கவேண்டும். விவசாயப் பீடத்துக்கு உயர்தரத்தில் உயிரியல் கற்றவர்களே பெரும்பாலும் செல்கின்றனர். அவர்களிற் பலர் மருத்துவத்தை நாடி, புள்ளி போதாது இங்கு வந்தோர். 'டொக்டர் ஆகவில்லையாம்' என்னும் ஊராரின் அனுதாபத்தைச் சுமந்துகொண்டே முதலாம் ஆண்டில் நுழைகின்றனர். கணிதத்தை இடையில் விட்டுவந்த அவர்களிடம் திரவவியலும் பொறிமுறையும் திடீரென வந்து நிற்கின்றன. கமக்காரனின் பிள்ளை தான் கமக்காரனாகாமல் தப்புவதற்காகவே விவசாயம் கற்கும் விசித்திரத்தையும் இங்கு காணலாம். இதற்கு அப்பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. உழைப்பை இழிவாகக் கருதும் சமுதாயம் ஒன்று, உழைப்பின் அறிவியலை மட்டும் எவ்வாறு மதிக்கும்?

2013இல் உயர்தரத்திலே தொழினுட்பவியற் பிரிவு புதிதாக ஆரம்பிக்கப்பட்டது. பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஆகிய பாடங்கள் அதில் அமைந்தன. தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் தொழினுட்ப பீடங்கள் தோன்றின. வசதி குறைந்த கிராமப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் புதிய கதவொன்று இதனால் திறந்தது. இதனை முற்போக்கான மாற்றமாகவே வரவேற்கவேண்டும். ஆயினும் கையால் செய்து கற்கவேண்டிய கல்விக்கு ஆய்கூடமும் பட்டறையும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் எல்லா ஊர்களிலும் சமமாகக் கிடைக்கவில்லை. பட்டறை இல்லாத பாடசாலையிலே தொழினுட்பவியல் மனனம் செய்யும் பாடமாக மாறிவிடுகின்றது.

மொழியின் சிக்கல் இதனுடன் சேர்கின்றது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலே கற்கின்றான். ஆங்கிலம் வேண்டாம் என்பது நமது கட்சியன்று; உலக அறிவுக்கு அது வாயில். ஆனால் கற்றதை எந்த மொழியிலே திருப்பித் தருவது? 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. உவாற்றும் பரிவலுவும் வினைத்திறனும் அவ்வாறு நம் பாடநூல்களில் நிலைபெற்றன. அம்முயற்சி உயர்கல்வி வரை வளர்ந்திருந்தால், இன்று ஒரு விரிவுரையாளர் தம் ஆய்வின் முடிவைக் கமநல சேவை நிலையத்து வாங்கிலே அமர்ந்து விளக்கத் தடுமாறவேண்டியிராது. கமக்காரன் தன் வயலைப் பற்றிய ஆய்வைத் தானே வாசிக்க முடியாதிருப்பது அறிவைக் களஞ்சியத்திற் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

அறிவு ஒரு வழிப்பாதை என்று எண்ணுவதும் தவறு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்நாளில் குடாநாட்டு மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயும் திரியும் வைத்து இரவு முழுவதும் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். பட்டறைக்காரரும் கமக்காரரும் சேர்ந்து நடத்திய அந்தப் பெரும் பொறியியற் பரிசோதனையை எந்தப் பீடம் தொகுத்து ஆராய்ந்து பாடமாக்கியது? 2022இல் நாடு முழுவதும் டீசலுக்கு வரிசையில் நின்றபோது அந்த அனுபவம் மீண்டும் தேவைப்பட்டது.

இங்கே இருவகைத் தவறுகளைச் சுட்டிக்காட்டுதல் அவசியம். ஒன்று இயந்திர வழிபாடு. இயந்திரம் வந்தால் வறுமை தானே ஒழியும் என்பது அதன் நம்பிக்கை. மற்றது இயந்திர வெறுப்பு. மாட்டுக்கும் கலப்பைக்கும் திரும்பினால் மனிதம் மீளும் என்பது அதன் கனவு. முதலாவது உடைமையை மறக்கின்றது. இரண்டாவது முதுகுவலியை மறக்கின்றது.

உடைமையை அரசிடம் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இடதுசாரிகளாகிய நாம் எளிதிற் கூறிவிடவும் முடியாது. சோவியத் நாட்டில் 1928இலிருந்து இயந்திர உழவு நிலையங்கள் அமைக்கப்பட்டன. கூட்டுப்பண்ணைகளுக்கு நிலம் உழுதுகொடுத்து, அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுவது அவற்றின் வழக்கம். காலப்போக்கில் அவை உழவருக்கு உதவும் நிலையங்களாக மட்டுமன்றி, உழவரைக் கட்டுப்படுத்தும் நிலையங்களாகவும் ஆயின. 1958இல் அவை கலைக்கப்பட்டு இயந்திரங்கள் கூட்டுப்பண்ணைகளுக்கு விற்கப்பட்டன. விலையைச் செலுத்தப் பல பண்ணைகள் இடர்ப்பட்டன. இயந்திரத்தின் சொந்தக்காரர் யார் என்பதுடன், அதை எப்போது எங்கே ஓட்டுவதென்று தீர்மானிப்போர் யார் என்பதும் முக்கியம் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

நமது நாட்டிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்த்தன, 1920களில் அமெரிக்காவின் இலினோய், விஸ்கொன்சின் பல்கலைக்கழகங்களில் கற்றவர். விவசாயப் பொறியியலாளர் சங்கம் பிறந்த அதே விஸ்கொன்சின்தான். அவர் அங்கிருந்து இயந்திரப் பட்டியலைக் கொண்டுவரவில்லை. வயலை உழுபவனுக்கு அந்த வயலில் என்ன உரிமை என்னும் வினாவைக் கொண்டுவந்தார். அச்சட்டம் எதிர்பார்த்த பலனை முழுமையாகத் தரவில்லை. நிலவுடைமையாளரின் எதிர்ப்பு அதை வலுவிழக்கச் செய்தது. ஆயினும் வாரக்குடியின் பாதுகாப்பு இல்லாத வயலிலே எத்துணைச் சிறந்த இயந்திரம் ஓடினாலும் அதன் பலன் வரம்புக்கு அப்பாற் போய்விடும் என்பதை அது சட்டத்தின் மொழியிற் பேசியது.

ஆகவே செய்யவேண்டியது யாது? இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. 1990இல் ஆரம்பமான விவசாய பீடம் போரினால் இடம்பெயர்ந்து அலைந்து மீண்டும் அம்மண்ணுக்குத் திரும்பியது. இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்கள் அயலிலே உள்ளன. உயிரியல் கற்றவனும் கணிதம் கற்றவனும் தொழினுட்பவியல் கற்றவனும் ஒரு வயல் வரம்பில் சந்திக்கக்கூடிய வாய்ப்பு இவ்வாறு அமைவது அரிது. மூவரும் சேர்ந்து ஒரு போகம் முழுவதும், விதைப்பிலிருந்து விற்பனை வரை, ஒரு கிராமத்துடன் வாழ்ந்து, அங்குள்ள ஒரு சிக்கலுக்கு ஒரு கருவியோ முறையோ வகுத்துக் கொடுப்பதைப் பட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கலாம். கருவியைப் பரீட்சிப்போர் வரிசையில் பேராசிரியருடன் அதைப் பயன்படுத்தும் கமக்காரரும் கூலிப் பெண்ணும் அமரவேண்டும்.

கருவியின் அளவும் கவனத்துக்குரியது. கலிபோர்ணியாவில் பண்ணைத் தொழிலாளர் குட்டைப் பிடி கொண்ட மண்கொத்தியால் நாள் முழுவதும் குனிந்து வேலைசெய்ய வற்புறுத்தப்பட்டனர். நிமிர்ந்து நிற்பவனை மேற்பார்வையாளன் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம் என்பதும் அக்கருவியின் ஒரு வசதி. நீண்ட போராட்டத்தின்பின் 1975இல் அது தடைசெய்யப்பட்டது. சில அங்குல மரக்கட்டையில் ஒரு வர்க்க உறவு அடங்கியிருந்தது. நம் வடக்கிலே போருக்குப்பின் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கின்றனர். அவர்களது உயரத்துக்கும் பிடிக்கும் ஏற்ற களைகட்டியும், அவர்களால் திருப்பக்கூடிய பாரமுள்ள இருசில்லு உழவு இயந்திரமும் எங்கே? இதனைக் கேட்கும் ஒரு மாணவி பத்துச் சமன்பாடுகளை ஒப்புவிப்பவரைவிடச் சிறந்த பொறியியலாளர் ஆவார்.

எழுத்தாளருக்கும் இதில் ஒரு கடன் உண்டு. நமது முற்போக்குப் புனைகதைகள் வாரக்குடியையும் கூலியையும் நிலவுடைமையாளனையும் நன்கு அறிந்தன. அறுவடை இயந்திரத்தின் தவணைக் கடனில் மாட்டிக்கொண்டவனும், அளவுநாடாவுடன் வரம்பில் நிற்கும் பட்டதாரி இளைஞனும், கடகத்துடன் அவனை வினவும் முதியவளும் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். இன்றைய வயலின் நாடகம் அவர்களிடையேதான் நடைபெறுகின்றது. அதை எழுதவேண்டும், வாசித்த மாணவன் தன் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கும்படியாக எழுதவேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, விவசாயப் பொறியியலைக் கற்பது தாழ்வன்று. மருத்துவத்துக்கு அடுத்த ஆறுதற் பரிசுமன்று. மனிதனின் முதுகிலிருந்து சுமையை இறக்கும் கலை அது. ஆயின் இறக்கிய சுமை வேறொருவரின் வயிற்றில் பசியாக ஏறிவிடாமற் பார்ப்பதும் அக்கலையின் பகுதியே. அடுத்த அறுவடையின்போது வயலுக்குச் செல்லும் மாணவர்கள் வேகத்தையும் அகலத்தையும் இழப்பையும் அளக்கட்டும். அளந்தபின் குறிப்பேட்டை உடனே மூடிவிடாமல், வரம்பில் நிற்பவர்களிடமும் இரண்டு கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.